தீராத அஜீரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்தாற்போல ஒரு கனம். ஏப்பம் வந்தால் தேவலை என்று தோன்றும், வந்தாலும் தீராது. என்றோ ஒரு நாள் விருந்துக்குப் பிறகு வந்தால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. வாரத்தில் நான்கு நாள் வரும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன. நான் மருத்துவன் அல்லன். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட வயிற்றோடு குடித்தனம் நடத்துபவன். என்னிடம் மற்றவர்கள் கேட்டவையும் நான் மருத்துவர்களிடம் கேட்டவையும் இங்கே கலந்திருக்கின்றன.

அஜீரணம் என்றால் சாப்பிட்டது செரிக்கவில்லை என்றுதானே பொருள்?

பெயர் அப்படித்தான் சொல்கிறது. குழப்பமும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது. நாள்பட்ட அஜீரணம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்காகச் செரித்து, சத்தும் உடலில் சேர்ந்துவிடுகிறது. கோளாறு செரிமானத்தில் அல்ல, செரிக்கும் நேரத்தில் வயிறு நடந்துகொள்ளும் விதத்தில்.

மருத்துவர்கள் இதை டிஸ்பெப்சியா என்கிறார்கள். அவர்கள் தேடும் குறிகள் நான்கு: சாப்பிட்டபின் நெடுநேரம் வயிறு நிறைந்தே இருப்பது, நாலு வாய் உள்ளே போனதும் போதும் என்று அடைத்துக்கொள்வது, மேல்வயிற்றில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல். உப்புசம், ஏப்பம், குமட்டல் எல்லாம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். நாம் எல்லாவற்றையும் சேர்த்து ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மருத்துவரிடம் அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

எத்தனை நாள் இருந்தால் ‘நாள்பட்டது’?

வயிறு, குடல் கோளாறுகளை வகைப்படுத்த உலக வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் 4 வரையறையின்படி, தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 மாதம் விடாமல் இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் வரும் கனமும் அடைப்பும் என்றால் வாரத்தில் 3 நாளாவது வர வேண்டும். வலியும் எரிச்சலும் என்றால் 1 நாள் போதும். இது வகைப்படுத்துவதற்கான அளவுகோல்தான். மருத்துவரைப் பார்க்க 6 மாதம் காத்திருக்கச் சொல்லும் விதி அல்ல.

எண்டோஸ்கோபியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. இந்தத் தொல்லைக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய 10க்கு 7, 8 பேருக்குப் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை. வாய் வழியாக உள்ளே விடும் குழாயின் முனையில் உள்ள கேமரா இரைப்பை உட்சுவரின் தோற்றத்தைத்தான் காட்டும். அந்தச் சுவர் எப்படி அசைகிறது, அதன் நரம்பு எதை உணர்கிறது என்பதெல்லாம் படத்தில் வராது. கடிகாரத்தின் முகப்பைப் போட்டோ எடுத்துவிட்டு அது சரியாக ஓடுகிறது என்று சொல்ல முடியுமா?

முதல் வாய் உணவு உள்ளே இறங்கியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரைப்பையின் மேல்பகுதி தசை தளர்ந்து, பை போல விரிந்து இடம் கொடுக்கிறது. அதனால்தான் காலியாக இருக்கும்போது கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உறுப்பு, 1 லிட்டருக்கு மேல் வாங்கிக்கொண்டும் அழுத்தம் ஏறாமல் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் நிமிடத்துக்கு 3 முறை அலை போலச் சுருக்கம் வந்து, உணவை இரைப்பையின் கடைசியில் உள்ள வாயிலை நோக்கித் தள்ளி, மறுபடி பின்னுக்கு எறிந்து அரைக்கிறது. 1, 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியானதுதான் வாயிலைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகும். திட உணவு முழுதும் காலியாக 4 மணி நேரம் வரை ஆகும்.

இதில் மூன்று இடங்களில் பிசகலாம். மேல்பகுதி தளராமல் முறைத்துக்கொண்டு நின்றால் நாலு வாயிலேயே அடைத்துவிடும். அடுத்து, காலியாவது தாமதமானால் மதியச் சாப்பாடு மாலை வரை நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். மூன்றாவதாக, எல்லாம் சரியாக நடந்தாலும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத விரிவை உங்கள் நரம்பு வலியாக மூளைக்குச் சொல்லலாம். இரைப்பைக்குள் சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்த ஆய்வுகளில் இது நேரடியாகவே தெரிந்தது: இந்த நோயாளிகளில் பலருக்கு, மற்றவர்களைவிடக் குறைந்த அளவு காற்றிலேயே வலி வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் பொதுப் பெயர் ‘செயல்பாட்டு டிஸ்பெப்சியா’. கடுமையான வயிற்றுப்போக்கோ உணவு நச்சோ வந்து போன பிறகு சிலருக்கு இது தொடங்குகிறது. சிலருக்குச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் மெல்லிய அழற்சியும் காணப்படுகிறது.

‘மனசுதான் காரணம், டென்ஷனைக் குறையுங்கள்’ என்கிறார்களே?

எனக்கும் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஒருவர் இப்படிச் சொன்னபோது, என் டென்ஷன் கூடியதுதான் மிச்சம்.

ஆனால் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் துப்பாக்கிக் குண்டுபட்டுப் பிழைத்தார்; ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் செரிமானத்தைக் கண்ணால் பார்த்து, 1833இல் புத்தகமாக வெளியிட்டார். நூலில் கட்டிய உணவுத் துண்டை உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்துப் பரிசோதிப்பார். அந்த இளைஞருக்குக் கோபம் வந்த நேரங்களில் செரிமானமும் மாறியதை அவர் குறித்து வைத்திருக்கிறார்.

மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே வேகஸ் நரம்பு ஓடுகிறது. செய்தி இரண்டு பக்கமும் போகிறது. மனக்கவலை வயிற்றைக் கெடுக்கும். ஓயாத வயிற்றுத் தொல்லை மனத்தையும் கெடுக்கும். முட்டையா கோழியா என்று தேடுவதில் பயனில்லை. ஆனால் ‘மனசு’ என்று சொல்லிவிட்டால் வலி கற்பனை என்று ஆகிவிடாது.

இதுவும் நெஞ்செரிச்சலும் ஒன்றா?

இல்லை. எரிச்சல் மார்பெலும்புக்குப் பின்னால் மேலேறி, தொண்டையில் புளித்த நீர் எதுக்களித்தால் அது அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும் கோளாறு. அஜீரணத்தின் இடம் நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவில். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது சாதாரணம்.

எப்போது பயப்பட வேண்டும்?

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது தடைபடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற கசடு, தார் போல ஒட்டிக்கொள்ளும் கருப்பு மலம், ரத்தசோகை, மஞ்சள் காமாலை, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சுயவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த வாந்தியும் கருப்பு மலமும் அன்றைக்கே போக வேண்டிய விஷயங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போலப் பளபளத்து ஒட்டாது, அந்தக் கொடும் நாற்றமும் இராது. சந்தேகம் என்றால் கேட்டுவிடுவதே நல்லது.

வயதும் கணக்கு. வட அமெரிக்க வழிகாட்டுதலின்படி 60 வயதைத் தொட்டவர்களுக்கு அஜீரணம் என்றாலே எண்டோஸ்கோபி. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள நாடுகளில் இந்த வயது இன்னும் குறைவு.

தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாரடைப்பு சில நேரம் ‘கேஸ்’ வேடத்தில் வரும். முதியவர்கள், பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்றில் அழுத்தமாக மட்டும் தோன்றக்கூடும். வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி சேர்ந்தாலோ, படியேறும்போது வந்து, நின்றதும் அடங்கினாலோ, சோடா தேடிக்கொண்டிருக்காமல் உடனே இசிஜி எடுக்கப் போங்கள்.

அஜீரணம் என்று நினைத்திருந்து வேறு நோயாக இருந்துவிடுமா?

இருக்கலாம். பித்தப்பைக் கல்லின் வலி திடீரென்று வந்து, அரைமணிக்குமேல் நீடித்து, வலது விலாவுக்கோ தோள்பட்டைக்கோ பரவி, பிறகு முழுதும் விட்டுவிடும். தினமும் சாப்பாட்டுக்குப் பின் வரும் மந்தமாக அது இருப்பதில்லை. கணையத்தின் வலி முதுகுக்கு ஊடுருவும். பல ஆண்டு நீரிழிவு உள்ளவருக்கு இரைப்பையின் நரம்பே பழுதாகி, முந்தைய நாள் சாப்பிட்டது மறுநாள் வாந்தியாக வரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசோதனைகள் உண்டு.

நான் சாப்பிடும் மாத்திரைகளே காரணமாக இருக்குமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளும் ஆஸ்பிரினும் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைத்துப் புண்ணே உண்டாக்கக்கூடியவை. மூட்டுவலிக்கு ஒன்று, அதனால் வரும் வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், எலும்புத் தேய்மானத்துக்கான சில மாத்திரைகள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. எடைக் குறைப்புக்கும் நீரிழிவுக்கும் போடப்படும் செமாக்ளூட்டைடு வகை ஊசிகள் இரைப்பை காலியாவதையே மெதுவாக்குகின்றன. அடைப்புணர்ச்சி அவற்றின் வேலையின் ஒரு பகுதி. இதய நோய்க்காகத் தந்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பைலோரி கிருமிப் பரிசோதனை அவசியமா?

ஆம். 60 வயதுக்குக் குறைந்து, மேலே சொன்ன அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு எண்டோஸ்கோபிக்கு முன்பே செய்ய வேண்டியது இதுதான்.

அமிலத்தில் எதுவும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை இரைப்பையில் கண்டார்கள். 1982இல் அதை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அல்சருக்கு மன அழுத்தமே காரணம் என்று அதுவரை நோயாளிகளைக் கடிந்துகொண்ட மருத்துவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

மூச்சைக் குழாயில் ஊதும் யூரியா மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை இரண்டும் நம்பகமானவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும், ஆண்டிபயாடிக்கை 4 வாரமும் முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இருப்பது தெரிந்தால் பொதுவாக 14 நாள் கூட்டு மருந்து. மருந்து முடிந்து 4 வாரமாவது கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிருமி ஒழிந்தும் எல்லோருக்கும் அஜீரணம் தீர்ந்துவிடாது. ஆனால் புண்ணும் புற்றுநோயும் வரும் அபாயம் குறையும் என்பதால் சிகிச்சை வீண் அல்ல.

அமில மாத்திரையை எத்தனை காலம் சாப்பிடலாம்?

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை 4 முதல் 8 வாரம் சாப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் சாப்பிட வேண்டும். அமிலம் சுரக்கும் பம்புகள் உணவால் உசுப்பப்படும் நேரத்தில்தான் மருந்து அவற்றைப் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் முதலில் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். எரிச்சலும் வலியும் உள்ளவர்களுக்கு இது ஓரளவு உதவும்; கனமும் அடைப்பும் மட்டுமே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 8 வாரத்தில் பயன் தெரியவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை.

நிறுத்தும்போது ஒரு சூழ்ச்சி நடக்கும். அடக்கி வைத்த அமிலம் சில வாரங்களுக்கு முன்னிலும் அதிகமாகச் சுரக்கும். எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத தன்னார்வலர்களுக்கு 8 வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்திய ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. அதன் பிறகு 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லைகள் வந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதம்தான். ‘பார், மாத்திரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது’ என்று அந்த நேரத்தில் முடிவு கட்டிவிடாமல், மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியவர்கள் பி12, மெக்னீசியம் அளவுகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. வலி நிவாரணியைத் தவிர்க்க முடியாதவருக்குப் புண் வராமல் காக்கத் தரப்படும் மாத்திரை வேறு கணக்கு. அதை நிறுத்தக் கூடாது.

சோடா குடித்தால் ஏப்பம் வந்து லேசாகிறதே?

அந்த ஏப்பம் சோடாவின் வாயுவே. உள்ளே போனது வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே விரிவைத் தாங்காத இரைப்பையை மேலும் ஊதவைப்பதால் பலருக்குத் தொல்லை கூடுகிறது. சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பதிலோ சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

எதைச் சாப்பிடக் கூடாது? ஒரு பட்டியல் தாருங்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. கொழுப்பு பற்றி மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: அது சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பையை ‘மெதுவாக அனுப்பு’ என்கிறது. எண்ணெயில் பொரித்தது நெடுநேரம் நிற்பது இதனால்தான். மிளகாய்க் காரம் உணர்ச்சி மிகுந்த இரைப்பையில் எரிச்சலைத் தூண்டும். மது, காபி, வாயு ஏற்றிய பானங்கள் சிலருக்கு ஆகாது. சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை.

பட்டியலைவிட நோட்டுப்புத்தகம் பயன்படும். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘செவ்வாய். காலையில் ஒன்றும் இல்லை. மதியம் 2.40, வேலை பார்த்துக்கொண்டே, 8 நிமிடத்தில் முடித்தேன். பருப்பு, காய். 3.10க்குக் கனம், 5 மணி வரை. புதன். 1 மணி, 25 நிமிடம், அதே பருப்பு, அதே காய், அளவு பாதி. மீதியை 4 மணிக்கு. ஒன்றும் இல்லை.’ பருப்பின் மேல் நான் பல ஆண்டு பழி போட்டிருந்தேன். குற்றவாளி கடிகாரமும் என் அவசரமும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அளவும் வேகமும்: ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பது, மென்று விழுங்குவது, பட்டினி கிடந்துவிட்டு மொத்தமாகச் சாப்பிடாமல் இருப்பது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழி ஆயுளுக்கு உத்தரவாதம் தருமா என்று தெரியாது. இரைப்பையின் அரவை வேலையில் ஒரு பங்கைப் பல் எடுத்துக்கொள்ளும் என்பது நிச்சயம். பயந்துபோய் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனவர்கள் கடைசியில் நான்கே பொருளில் வந்து நின்று, எடையும் குறைந்து, அதனாலேயே புதிய பரிசோதனைகளுக்கு ஆளாவதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்டதும் படுக்கலாமா?

2, 3 மணி நேரம் போகட்டும். மெல்ல நடப்பது நல்லது. ஓட்டமும் குனிந்து பளு தூக்குவதும் வேண்டாம். இடுப்பை இறுக்கும் பெல்ட்டையும் கவனியுங்கள்.

வயிற்று வலிக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாரே, தவறாக எழுதிவிட்டாரா?

இல்லை. அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் இரவில் கொடுப்பது நரம்பின் மிகையுணர்ச்சியைத் தணிக்க; மனச்சோர்வுக்கான அளவு இதைவிட அதிகம். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள், அமிட்ரிப்டிலின் பெற்றவர்களில் 53 சதவீதம், எஸ்சிடலோப்ராம் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து பெற்றவர்களில் 38, போலி மாத்திரையில் 40. மனத்தைச் சரிசெய்வதுதான் வழி என்றால் இரண்டாவது மருந்தும் வென்றிருக்க வேண்டுமே. வலி மேலோங்கியவர்களுக்கே பலன் அதிகம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்கமும் வாய் வறட்சியும் முன்னால் வந்து நிற்கும். இதய மின்னோட்டக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கனமும் அடைப்பும் உள்ளவர்களுக்கு இரைப்பையை அசைக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றில் டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும். மெட்டோகுளோபிரமைடு நெடுநாள் சாப்பிட்டால் முகம், நாக்குத் தசைகள் தானாக அசையும் கோளாறு வரலாம். மருந்துக்கடையில் பழைய சீட்டை நீட்டி வாங்கிக்கொண்டே இருக்கும் மருந்துகள் அல்ல இவை.

செரிமான டானிக், இஞ்சி, புதினா?

கணையம் ஒழுங்காக வேலை செய்பவருக்கு வெளியிலிருந்து என்சைம் தேவையில்லை; உணவு செரிக்காமல் இல்லை என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். புதினா எண்ணெயும் சீமைச்சோம்பு எண்ணெயும் சேர்ந்த உறைமாத்திரைகளுக்கு ஓரளவு சான்று உண்டு, ஆனால் எதுக்களிப்பு உள்ளவருக்குப் புதினா அதைக் கூட்டலாம். இஞ்சி குமட்டலுக்கு உதவும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுபவர்கள் அளவோடு இருக்க வேண்டும்.

முழுதாகக் குணமாகுமா?

சிலருக்கு ஆகிறது. பலருக்கு மாதக்கணக்கில் அடங்கியிருந்து, தூக்கம் கெட்ட வாரத்தில் அல்லது பயணத்தில் எட்டிப் பார்க்கிறது. செயல்பாட்டு டிஸ்பெப்சியா புற்றுநோயாக மாறுவதில்லை. ஆயுளையும் குறைப்பதில்லை என்று நெடுநாள் ஆய்வுகள் காட்டுகின்றன. இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு எண்டோஸ்கோபி கேட்டு நச்சரிப்பதை அன்றோடு விட்டேன். குறிகள் புதிதாக மாறினால் மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இரண்டு வார நோட்டு. பழைய ரிப்போர்ட்டுகள். ஆறு மாதத்துக்கு முன்னால் உங்கள் எடை என்ன, இன்று என்ன என்ற இரண்டு எண்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில், எப்போதாவது தலைவலிக்கு விழுங்குவது உட்பட. என் பையைக் கவிழ்த்துப் பார்த்த மருத்துவர், வேறு பெயர்களில் இருந்த ஒரே வலி நிவாரணியின் மூன்று அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அதுவரை நான் அவற்றை மூன்று வெவ்வேறு மருந்துகள் என்றே நினைத்திருந்தேன்.